சிப்பியின் சதையில் கடற்கரைக் கணக்கு

கடலே இல்லாத பெங்களூரில் கடற்சிப்பியைப் பற்றி ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவா என்று அவையில் யாருக்காவது தோன்றினால் அது நியாயமான சந்தேகம்தான். கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர் இது. ஆனால் இந்த ஊரின் சாக்கடைக்குக் கடலுக்குப் போகும் வழி தெரியும். விருஷபாவதியில் விழுவது அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழிவது தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் அது நுரையாகப் பொங்குவதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆறு போய்ச் சேருமிடம் கடலூர். சிப்பியும் இந்த ஊருக்குப் புதிதல்ல. மங்களூர்ச் சமையல் கிடைக்கும் உணவகங்களில் மருவாய் சுக்கா என்ற பெயரில் மட்டி தட்டுக்கு வந்துவிடுகிறது. மலையாளிகள் கல்லுமக்காய் என்றும் துளு நாட்டார் பச்சிலெ என்றும் சொல்லும் பச்சைச் சிப்பியும் உண்டு. கன்னியாகுமரிக் கரையில் அதன் உறவான பழுப்புச் சிப்பிக்கு வெறும் சிப்பி என்றே பெயர்.

தட்டில் இருக்கும் அந்தச் சதை, தான் வளர்ந்த நீரின் வேதியியலைச் சுமந்துகொண்டுதான் வருகிறது.

கடலோரம் கெட்டுப்போயிருக்கிறதா என்று அறியத் தண்ணீரை மொண்டு சோதித்தால் போதுமே என்று தோன்றும். போதாது. பாட்டிலில் சிக்குவது ஒரு நொடியின் தண்ணீர். ஆலை பின்னிரவில் கழிவைத் திறந்துவிட்டு விடியுமுன் மூடிவிட்டால், காலை பதினொரு மணிக்கு வந்து மொள்ளும் அதிகாரிக்கு நல்ல தண்ணீர்தான் கிடைக்கும். இதற்கிடையே ஓதம் ஏறி இறங்கியிருக்கும். அது போக, கடல்நீரில் ஈயமும் காட்மியமும் பாதரசமும் பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். படகின் வண்ணப்பூச்சு, சரியாகக் கழுவாத பாத்திரம், ஆய்வகத்துத் தூசி எல்லாமே அந்த அளவைக் கெடுத்துவிடும். அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் இதைப் பிடிவாதமாக எடுத்துக் காட்டினார். அதன் பிறகுதான் பழைய ஈய அளவுகளில் பலவும் கடலின் ஈயத்தை அல்ல, பாத்திரத்தின் ஈயத்தை அளந்தவை என்று உலகம் ஒப்புக்கொண்டது.

சிப்பி இந்த இரண்டு சிக்கலையும் ஒருசேரத் தீர்க்கிறது. இளம் பருவத்தில் நூல் போன்ற இழைகளைச் சுரந்து பாறையில் ஒட்டிக்கொண்டால், பிறகு வேறிடம் தேடிப் போவது அரிது. செவுள் வழியாக மணிக்கு ஒரு லிட்டர், சில வேளைகளில் அதற்கும் மேல், தண்ணீரை இழுத்து வடிகட்டி மிதவை உயிர்களைத் தின்கிறது. தின்பதோடு உலோகமும் பூச்சிமருந்தும் எண்ணெயும் உள்ளே போகின்றன. சில பொருள்களைப் புரதங்களோடு பிணைத்து ஒதுக்கிவைக்கும், சிலவற்றைக் கொழுப்பில் கரைத்துவைக்கும், சிலவற்றை மெல்ல வெளியேற்றும். அதனால் அதன் சதையில் உள்ள அளவு ஒரு நொடியினுடையது அல்ல, பல வாரங்களின் சராசரி. செறிவும் நீரில் இருப்பதைப்போல ஆயிரக்கணக்கான மடங்காகிவிடுவதால் அளக்கும் கருவிக்கும் வேலை சுலபம்.

1975-இல் எட்வர்ட் கோல்ட்பெர்க் என்ற கடல் வேதியியலாளர் ‘மரைன் பொல்யூஷன் புல்லட்டின்’ இதழின் ஒரு தலையங்கத்தில் ‘மஸ்ஸல் வாட்ச்’ என்ற யோசனையை வைத்தார். உலகக் கடற்கரைகள் எங்கும் சிப்பிகளைச் சேகரித்து ஒரே முறையில் சோதிப்போம் என்பதுதான் அது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த அவருடைய பட்டியலில் நான்கு வகைப் பொருள்கள் இருந்தன: உலோகங்கள், குளோரின் கலந்த பூச்சிமருந்துகள், பெட்ரோலிய எண்ணெய், அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற புளுட்டோனியம் முதலான கதிரியக்கப் பொருள்கள். அமெரிக்கா அடுத்த ஆண்டே தன் கரைகளில் வேலையைத் தொடங்கியது. 1986 முதல் நோவா என்ற கடல், வளிமண்டல நிறுவனம் அதை நிரந்தரத் திட்டமாக்கி ஏறத்தாழ 300 இடங்களில் நடத்தியது. இருபது ஆண்டுத் தரவைத் தொகுத்து அவர்கள் 2008-இல் வெளியிட்ட அறிக்கையில் டிடிடியும் கப்பல் பூச்சின் வெள்ளீயச் சேர்மங்களும் குறைந்துவருவது தெளிவாகத் தெரிந்தது. தடைச் சட்டம் உண்மையிலேயே வேலை செய்ததா என்பதைச் சிப்பிகளைக் கொண்டு சரிபார்க்க முடிந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம்.

கர்நாடகத்தின் வடகோடித் துறைமுகம் கார்வார். அதற்குத் தெற்கே பினகா என்ற அழகான சிறு விரிகுடா. அதன் கரையில் காஸ்டிக் சோடா ஆலை ஒன்று இருந்தது. அக்காலத்தில் இந்தத் தொழிலில் பரவலாக இருந்தது பாதரச முறை. உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் குளோரின் ஒருபுறம் பிரியும். தொட்டியின் அடியில் ஓடும் பாதரசம் சோடியத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு போய், அடுத்த அறையில் தண்ணீரிடம் விட்டுவிடும். அப்படிக் கிடைப்பது காஸ்டிக் சோடா. பாதரசம் செலவாகாமல் சுற்றிச் சுற்றி வரும் என்பது காகிதக் கணக்கு. நடைமுறையில் கழிவுநீரிலும் கசடிலும் காற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கிருஷ்ணகுமாரும் பிள்ளையும் கார்வார் காஸ்டிக் சோடா ஆலைக்கு அருகே பாதரசம் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஆராய்ந்து 1990-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கோல்ட்பெர்க் தலையங்கம் எழுதிய அதே இதழில்தான் அது வந்தது.

கிருஷ்ணகுமார் குழு அதே ஆண்டில் இன்னொன்றும் செய்தது. செம்பும் பாதரசமும் பச்சைச் சிப்பியின் உடலியக்கத்தையும் உயிரணுக்களையும் என்ன செய்கின்றன என்று பார்த்தது. ‘எவ்வளவு இருக்கிறது’ என்பது ஒரு கேள்வி. ‘அது சிப்பியை வருத்துகிறதா’ என்பது வேறு கேள்வி. சதையில் எண் கூடியிருக்கும்போதும் சிப்பி சுகமாக இருக்கலாம், எண் சிறிதாக இருக்கும்போதே வடிகட்டும் வேகம் விழலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்ட ஆராய்ச்சி கார்வாரை ஆராய்ந்த அதே குழுவிடமிருந்து அன்றே வந்தது என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி. இங்கே அது அதிகம் பேசப்படுவதில்லை. பின்னர் 2006-இல் கீதா சசிகுமார், கிருஷ்ணகுமார், பட் ஆகியோர் கர்நாடகக் கரை நெடுகப் பச்சைச் சிப்பியில் நுண் உலோகங்களை அளந்து எழுதினார்கள்.

சிப்பியை அளக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் பிழைகள் நுழைவது அங்கேதான். பாறையிலிருந்து ஒரே அளவுள்ள சிப்பிகளையே பொறுக்க வேண்டும். சின்னதும் பெரியதும் கலந்தால் வயதின் வேறுபாடு மாசின் வேறுபாடாகத் தெரியும். பிறகு ஒரு நாள்போல வடிகட்டிய கடல்நீரில் பட்டினி போட வேண்டும். குடலில் கிடக்கும் சேற்றில் இரும்பும் அலுமினியமும் ஏராளம் என்பதால், அது வெளியேறாவிட்டால் சிப்பியோடு சேற்றையும் அளந்ததாகிவிடும். ஒட்டும் இழைகளை நறுக்கி எறிய வேண்டும். எஃகுக் கத்தி சதையில் பட்டால் குரோமியமும் நிக்கலும் ஏறிவிடும் என்பதால் சதையைப் பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கத்தியால் சுரண்டுவார்கள். இருபது, இருபத்தைந்து சிப்பிகளின் சதையை ஒன்றாக்கி, உறையவைத்து உலர்த்தி, மாவாக இடித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்த பிறகே கருவிக்குள் செலுத்துவார்கள். கூடவே அமெரிக்கத் தர நிறுவனம் தயாரித்த ‘2976’ என்ற எண்ணிட்ட குப்பி ஒன்றும் போகும். அதில் இருப்பதும் உலர்ந்த சிப்பி மாவுதான். அதன் உலோக அளவுகள் சான்றளிக்கப்பட்டவை. கருவி அந்த மாவுக்குச் சரியான விடை சொன்னால்தான் கார்வார்ச் சிப்பிக்குச் சொல்லும் விடையையும் நம்பலாம்.

இவ்வளவு செய்தும் சிப்பி ஏமாற்றும். இனப்பெருக்கக் காலத்தில் முட்டையும் விந்தும் வெளியேறியதும் சதை சட்டென்று மெலியும். உடம்பிலிருந்த உலோகத்தில் பெரும்பகுதி வெளியேறாமல் தங்கிவிட்டால், கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கில் அது திடீரென்று கூடியதுபோல் தெரியும். கடலில் எதுவும் மாறியிருக்காது. இன்னொரு பொறி, இனம். துத்தநாகத்தைப் பச்சைச் சிப்பி தன் உடம்பில் ஓரளவு கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். கழிமுகத்தில் வாழும் ஆளி என்ற இன்னொரு வகை ஓட்டுயிரோ துத்தநாகத்தையும் செம்பையும் வஞ்சனையில்லாமல் சேர்க்கும். எந்த மாசும் இல்லாத இடத்து ஆளியில்கூட அவை சிப்பியில் இருப்பதைவிட மிக அதிகம். எனவே எண்ணூர் ஆளியையும் கார்வார்ச் சிப்பியையும் ஒரே அட்டவணையில் அருகருகே வைத்து ‘எண்ணூரில் துத்தநாகம் பல மடங்கு’ என்று முழங்கும் கட்டுரையை வாசகர் நம்பத் தேவையில்லை. அப்படிப்பட்ட அட்டவணைகளுக்கு நம் ஆய்விதழ்களில் பஞ்சமில்லை என்பது வருத்தத்துக்குரியது.

மேற்குக் கரைக்கே உரிய சிக்கல் தென்மேற்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நேத்ராவதி, ஷராவதி, காளி நதிகளின் முகத்துவாரங்களில் உப்பு ஏறக்குறைய அற்றுப்போகும். பச்சைச் சிப்பிக்கு அது தாங்காது. கேரளத்தில் கழிமுகத்தில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பவர்கள் இதை அறிந்தே மழை ஓய்ந்ததும் குஞ்சு கட்டி, அடுத்த மழைக்கு முன் அறுவடையை முடித்துவிடுகிறார்கள். ஆகவே முகத்துவாரத்துச் சிப்பி சில மாதக் கதையைத்தான் சொல்லும். பல ஆண்டுக் கதை வேண்டுமென்றால் திறந்த கடலைப் பார்த்து நிற்கும் பாறைகளுக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கையேட்டை அப்படியே எடுத்து வந்தால் இங்கே செல்லாது.

பூச்சிமருந்து விஷயத்தில் சிப்பி சொல்லும் கதை இன்னும் நுட்பமானது. கமாக்சின் பவுடர், பிஎச்சி தூள் என்று தமிழ்க் கிராமங்களில் வயலிலும் எறும்புப் புற்றிலும் தூவிய வெள்ளைப் பொடியை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து தென்னிந்தியக் கரைப் பச்சைச் சிப்பிகளில் இத்தகைய குளோரின் மருந்துகளைத் தேடி 1990-இல் வெளியிட்டார்கள். ரமேஷ், தனபே, சுப்பிரமணியன் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தவர்கள். தனபே பின்னர் அதையே ஆசிய-பசிபிக் திட்டமாக விரித்தார். 1994 முதல் 2001 வரை இந்தியா, வியட்நாம், சீனா, இந்தோனேசியா உள்ளிட்ட ஆசியக் கரைகளில் சேகரித்த சிப்பிகளின் முடிவு 2003-இல் வந்தது. வளரும் நாடுகளின் சிப்பியில் டிடிடியும் பிஎச்சியும் அதிகம், தொழில்வள நாடுகளின் சிப்பியில் மின்மாற்றி எண்ணெயில் கலந்த பிசிபி அதிகம்.

அளவைவிடச் சுவையானது வகை. டிடிடி நாளாக நாளாக டிடிஈ-யாகச் சிதையும். சிப்பியில் சிதையாத டிடிடியே தூக்கலாக இருந்தால் யாரோ அண்மையில்தான் தெளித்திருக்கிறார்கள் என்று பொருள். பிஎச்சியிலும் அப்படியே. மலிவான கலவைப் பொடியில் ஆல்பா வடிவம்தான் பெரும்பங்கு, தூய்மையாக்கிய லிண்டேனில் காமா வடிவம். எந்தச் சரக்கு வயலுக்குப் போனது என்பது சிப்பியைப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தியா கலவை பிஎச்சியை 1997-இல் தடை செய்தது.

எண்ணெய்க் கசிவில் சிப்பிக்கு இணையான சாட்சி கிடையாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய். இத்தகைய நேரங்களில் சந்தை மீனை எடுத்துச் சோதித்துப் ‘பாதுகாப்பானது’ என்று அறிவிப்பது வழக்கம். எண்ணெயிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்களை மீனின் கல்லீரல் விரைவாக உடைத்து வெளியேற்றிவிடும், அதனால் மீன் சதையில் அவை அவ்வளவாகத் தங்குவதில்லை. சிப்பிக்கும் ஆளிக்கும் அந்தத் திறன் மிகக் குறைவு. முகத்துவாரத்தில் வாழும் ஆளிக்கு 1916-இல் பிரெஸ்டன் வைத்த அறிவியல் பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது. எண்ணூரில் எண்ணெய் போய்விட்டதா என்று கேட்க வேண்டிய இடம் அந்த ஆளியின் சதை. கசிவுக்கு முந்தைய அளவு கையில் இருந்தால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியும். 2010-இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, எண்ணெய் கரையைத் தொடுவதற்கு முன் நோவா ஆட்கள் ஆளிகளைச் சேகரிக்க ஓடினார்கள். பழைய எண்களும் அவர்களிடம் இருந்தன.

மனிதர் கொட்டாத விஷத்தையும் சிப்பி சேர்த்துவைக்கும். சில மிதவைப் பாசிகள் பெருகும்போது சாக்சிடாக்சின் என்ற நரம்பு நஞ்சு சிப்பியில் ஏறும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. 1981-இல் தமிழ்நாட்டில் இவ்வகை நஞ்சால் 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். 1983 ஏப்ரலில் மங்களூருக்குத் தெற்கே கும்பளையில் மட்டி தின்றவர்களுக்கு அதே நோய் கண்டது. மங்களூர் மீன்வளக் கல்லூரியின் கருணாசாகர் குழுவினர் அதை ஆராய்ந்து எழுதினார்கள். 1997 செப்டம்பரில் விழிஞ்ஞத்தில் பழுப்புச் சிப்பி தின்று 7 பேர் இறந்தார்கள், சுமார் 500 பேர் சிகிச்சை பெற்றார்கள். பல நாடுகளில் ஒரு கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம் தாண்டினால் அறுவடைக்குத் தடை. அந்தத் தடையை அறிவிக்க வாராவாரம் யாராவது சிப்பியைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கப்பல் பூச்சின் கதை பிரான்சில் தொடங்கி நம் கரைக்கும் வந்தது. பிரான்சின் அர்க்காஷோன் விரிகுடாவில் 1970-களின் பிற்பகுதியில் ஆளிகளின் ஓடு கோணலாகத் தடித்தது, குஞ்சுகள் தங்கவில்லை. காரணம் படகின் அடியில் பூசிய டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம். பிரான்சு 1982-இல் சிறு படகுகளில் அதைத் தடுத்தது. உலகக் கப்பல்களுக்கான ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 2008 ஆயிற்று. இதற்கிடையே, 1999-இல், கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஷ்வகிரணும் அனிலும் இந்தியக் கடல் நத்தை ஒன்றில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்திருப்பதைப் பதிவு செய்தார்கள். டிபிடியின் கையெழுத்து அது. இங்கே உலோகத்தை அளக்கும் கருவிகூட வேண்டாம், உருப்பெருக்கியும் பொறுமையும் போதும்.

இத்தனை ஆராய்ச்சி நடந்த நாட்டில் ‘மஸ்ஸல் வாட்ச்’ என்று சொல்லத்தக்க தொடர்ச்சி ஏன் வேரூன்றவில்லை? 1990-களின் தொடக்கத்திலிருந்து மத்திய அரசின் கடலோரக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று நடக்கிறது, அதன் சுமை பெரிதும் தண்ணீர் மேல்தான். சிப்பியோ முனைவர் பட்டங்களின் கையில் விடப்பட்டிருக்கிறது. ஒரு மாணவர் மூன்று ஆண்டு சிப்பி பொறுக்குவார், பட்டம் வாங்குவார், போய்விடுவார். அடுத்தவர் வேறு பாறை, வேறு அளவு, வேறு மாதம் என்று தொடங்குவார். இரண்டையும் ஒப்பிட வழியில்லை. செலவு அதிகம் என்ற சாக்கும் பொருந்தாது. சிப்பி பொறுக்கக் கப்பல் வேண்டாம், ஓதம் இறங்கும் நேரமும் பாறை ஏறத் தெரிந்த ஓர் உள்ளூர் ஆளும் போதும். எடுத்ததில் ஒரு பங்கை உறையவைத்துக் காப்பதும் பெரிய காரியமல்ல. எஹிமே பல்கலைக்கழகம் 1960-கள் முதல் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் குளிர்கிடங்கில் வைத்திருக்கிறது. நாளை புதிய நச்சு ஒன்றின் பெயர் வந்தால் அவர்கள் பழைய சதையை எடுத்துத் தேடுவார்கள்.

பெங்களூருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தண்ணீரில் உலோகம் இருக்கிறதா இல்லையா என்று சட்டமன்றம் முதல் நீதிமன்றம் வரை வாக்குவாதம் நடந்தது. பெரும்பாலும் பாட்டில் தண்ணீரின் எண்களை வைத்தே நடந்தது. நம் ஏரிகளில் நன்னீர் மட்டிகள் உண்டு. லமெல்லிடென்ஸ் பேரினத்தவை தென்னிந்தியக் குளங்களில் சாதாரணம். சுத்தமான குளத்தில் எடுத்த மட்டிகளை வலைப்பையில் கட்டிக் கோலாரின் ஓர் ஏரியில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ தொங்கவிட்டு, அதே குளத்து மட்டிகளோடு ஒப்பிடலாம். சிப்பி ஆய்வகங்களில் இது பழகிப்போன முறை. அதோடு சதையின் நைட்ரஜனையும் பார்க்கலாம். சாக்கடை நீரில் இலேசான நைட்ரஜன் ஆவியாகவும் நுண்ணுயிர் வழியாகவும் முதலில் போய்விடும், கனமான நைட்ரஜன்-15 மிஞ்சும், மட்டியின் சதையில் அந்த விகிதம் ஏறும். அளக்கும் கருவிகள் இந்த ஊரின் ஆய்வகங்களிலேயே இருக்கின்றன. கோலாரில் இந்தக் கோடையில் பை கட்டினால் மழைக்கு முன் முதல் எண் வந்துவிடும், அடுத்த கோடையில் அதே ஏரியில் அதே மாதத்தில் இரண்டாவது எண்.